சிறு காரினுள் படுக்கை

சென்ற பழைய மாணவர் கூட்டத்தன்று, பகலுணவிற்குப்பின், வேப்பமர நிழலில் நின்ற என் காரைச் சூழ்ந்து இளைஞர் சிலர் கூடினர். பின்கதவு திறந்திருந்தது, உள்ளே மடித்து வைத்த பலகைகளும் ஒரு கோரைப்பாயும் கிடந்தன. “ஐயா, இதனுள்ளா தாங்கள் உறங்குகின்றீர்கள்?” என்று ஒருவர் வியந்து வினவினார். மற்றொருவர், தாமும் இத்தகைய சிறிய எஸ்.யு.வி. வண்டியொன்று வாங்கியிருப்பதாகவும், பின்னிருக்கைகளை அறவே கழற்றிவிட்டு நிலையான கட்டிலும் பெட்டியறைகளும் அமைக்கத் தச்சரிடம் அச்சாரம் கொடுத்துவிட்டதாகவும் மகிழ்வோடு உரைத்தார். கூட்டம் தொடங்கும் மணி அடித்துவிட்டபடியால் அன்று அவருக்கு விடை கூற இயலவில்லை. அவ்விடையை ஈண்டு எழுதுகின்றேன். காரினுட் படுக்கை அமைத்தல் நன்று. அதனைக் கழற்றவொண்ணாதபடி அமைத்தல் பெரும்பிழை என்பதே என் துணிபு.

வண்டியிலே துயிலுதல் நம்மவர்க்குப் புதிதன்று. நம் பாட்டனார் காலத்தில் திருவிழாவிற்கோ திருமணத்திற்கோ செல்வோர், கூண்டு வண்டியில் வைக்கோலைத் தடிக்கப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, இரவெல்லாம் உறங்கியவாறே ஊர்போய்ச் சேர்ந்தனர். சேர்ந்த இடத்தில் அம்மெத்தையை மாடுகள் தின்றன! ஊர் திரும்பியபின் கூண்டை அவிழ்த்து வைத்துவிட்டு அதே வண்டியில் எருவும் நெல்லும் ஏற்றினர். ஒரு வண்டியால் இரு பயன் கொள்ளும் அவ்வறிவை மோட்டார் வண்டி வந்தபின் நாம் ஏன் இழத்தல் வேண்டும்?

சிறு காரில் இடம் குறைவென்பது மெய்யே. அக்குறைவிற்கு வரியும் ஒரு காரணமாம். 2006ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும் சிறிய எஞ்சினும் உடைய கார்களுக்குக் குறைந்த வரி விதிக்கப்பட்டு வருகின்றது. 2025 செப்டம்பர் 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரி மாற்றத்தின்படி, இவ்வளவுக்குட்பட்டு 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினோ 1500 சி.சி.க்கு மேற்படாத டீசல் எஞ்சினோ உடையவற்றிற்கு 18 விழுக்காடும், பெரிய கார்களுக்கு 40 விழுக்காடும் வரியாயின. டாட்டா நெக்ஸான், ஹ்யூண்டாய் வென்யூ, கியா சோனெட் ஆகிய மூன்றும் சொல்லி வைத்தாற்போல 3995 மில்லிமீட்டர் நீளமாய் நிற்பதன் இரகசியம் இதுவே. அந்நீளத்திலும் எஞ்சினும் முன்னிருக்கைகளும் தம் பங்கைக் கொண்டபின், உறங்குவோனுக்கு எஞ்சுவது சிறிதே. என் வண்டியிற் பின்னிருக்கைகளை மடித்தால் பின்கதவு வரை 150 சென்டிமீட்டர் கிடைக்கின்றது. முன்னிருக்கைகளை முன்னே தள்ளி, கால் வைக்கும் பள்ளத்தின்மேற் பலகையொன்றை நீட்டினால் 178 ஆகின்றது. என் உயரம் 171.

இக்கணக்கைக் கண்டு களிப்புற்றே யான் முதலில் தவறு செய்தேன். பின்னிருக்கைகளைக் கழற்றிக் களஞ்சிய அறையில் இட்டு, தடித்த பலகையாற் கட்டிலொன்று செய்து, காரின் தரையோடு திருகாணிகளால் இறுக்கினேன். கீழே இழுப்பறைகள், பக்கத்தில் விளக்கு, பார்த்தவர் யாவரும் புகழ்ந்தனர். முன்னிருக்கைகளுள் இடப்புறத்தது முற்றும் முன்னே தள்ளப்பட்டு நிமிர்ந்து நின்றது. ஒரு சிறுவன் அதில் அமரலாம்.

நான்கு மாதங்கழித்து ஓரிரவு என் அன்னையார்க்கு மூச்சுத்திணறல் கண்டது. இருதய நோயுடையார் அவர், கால்களும் வீங்கியிருந்தன. மருத்துவமனை 7 கிலோமீட்டர்த் தொலைவு. உடனே புறப்பட்டு வரும்படி மருத்துவர் தொலைபேசியிற் சொன்னார். வெளியே வந்து காரின் கதவைத் திறந்தபின்னரே என் அறிவு விழித்தது. அழகிய கட்டில் இருந்தது; அமர இருக்கை இல்லை. மூச்சுத் திணறுவோர் மல்லாந்து படுத்தலாகாது. நிமிர்ந்தே அமர்தல் வேண்டும். முன்னிருக்கையில் அவரை அமர்த்த முயன்றோம். வீங்கிய கால்களை உள்ளே வைக்க இடமில்லை. யான் திருப்புளியும் சாவியுமாகத் திருகாணிகளோடு போராடுகையில், “விடுடா, பலகையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்” என்றார் அன்னையார். என் மனைவி பின்னாலிருந்து அவரை மார்போடு அணைத்துக்கொள்ள, பட்டையுமின்றிப் பிடிப்புமின்றி, ஒவ்வொரு வேகத்தடையிலும் இருவர் தலையும் கூரையில் இடிக்க, அந்த 7 கிலோமீட்டரைக் கடந்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவமனையினின்று திரும்பியவுடன் யான் செய்த முதல் வேலை அக்கட்டிலைப் பெயர்த்ததே.

சட்டமும் என் பக்கம் இருந்திலது எனப் பின்னரே அறிந்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் தயாரித்தவர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாதென்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வற்புறுத்தியது. இருக்கைகளின் எண்ணிக்கை பதிவுச் சான்றில் உள்ளதன்றோ? பெரிய வீட்டார்க்கு இரண்டு மூன்று கார்கள் இருக்கலாம். நம்மனோர் பலர்க்குக் கார் ஒன்றே. அதுவே பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்வது. ஆண்டில் பத்து இரவுகள் மட்டுமே அது படுக்கையறை.

இப்பொழுது என் வண்டியிலுள்ள அமைப்பு எளியது. 12 மில்லிமீட்டர் நீர்புகா ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கினேன். எட்டடிக்கு நான்கடி முழுப்பலகை 20 கிலோவுக்குக் குறையாது. ஆதலின் வேண்டிய அளவிற்கு மட்டும் அறுத்து மூன்று துண்டாக்கிக் கீல்களாற் பிணைத்தேன். பின்னிருக்கைகளை மடித்தால் அவற்றின் முதுகும் பின்தரையும் ஒரே மட்டமாய் இரா. என் வண்டியில் ஏறக்குறைய ஒரு சாண் மேடுபள்ளம். அதனைச் சரிசெய்யப் பின்துண்டிற்கு மட்டும் மடக்குக் கால்கள். காலுக்கடியிலுள்ள இடைவெளியில் தண்ணீர்க்குடுவையும் துணிப்பையும் அடங்கும். முன்துண்டு பள்ளத்தின்மேல் நீண்டு, ஒரு மரப்பெட்டியின்மேல் தங்கும். காரோடு யாதொன்றும் திருகப்படவில்லை. ஆயினும் வண்டி ஓடும்போது பலகை தளர்ந்து கிடத்தல் கூடாது; திடீரெனத் தடை போட்டால் அது நம் பிடரியை நோக்கி வரும். தரையில் உள்ள சாமான் கட்டும் வளையங்களிற் பட்டை கோத்து இறுக்கிவிடுகின்றேன்.

மெத்தையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான்கு விரற்கடை கனமுள்ள மடிப்பு மெத்தை போதும். கோடையில் அதன்மேற் பத்தமடைப் பாய் ஒன்று விரித்தால் முதுகு வியர்க்காது. கூரைமேற் கட்டும் கூடாரத்தைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். சிறு கார்களின் கூரை ஓடும்போது தாங்கத்தக்க சுமை பெரும்பாலும் 50 முதல் 75 கிலோவே. கூடாரத்தின் எடையே அதற்கு அணித்தாய் நிற்கும். காரோடு தரும் கையேட்டைப் படித்துப் பார்த்தபின் அவர்கள் பணத்தைச் செலவிடுவாராக.

இனிக் காற்று. படுக்கையினும் இதுவே முதன்மையானது. ஆயின் படுக்கைக்குச் செலவிடும் சிந்தையில் நூற்றில் ஒரு பங்கும் இதற்கு எவரும் செலவிடுவதில்லை. ஏற்காட்டில் ஒரு மார்கழியிரவு குளிருக்கஞ்சிக் கண்ணாடிகள் யாவற்றையும் அடைத்து உறங்கினேன். விடியலிற் கூரையினின்று நீர் சொட்டிற்று, தலை கனத்தது. உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓரிரவில் ஏறக்குறையக் கால் லிட்டர் நீரை வெளிவிடுகின்றார். அஃது எங்குத்தான் போகும்? அன்றுமுதல் முன்னே ஒருபுறமும் பின்னே எதிர்ப்புறமுமாக இரு கண்ணாடிகளை இருவிரல் அகலம் இறக்கி வைக்கின்றேன். கொசுவலைத் துணியைக் கதவின் மேற்பகுதிக்கு உறைபோற் தைத்து மாட்டிவிட்டால் கொசுவும் இல்லை, புழுக்கமும் இல்லை. மறைப்பு வேண்டுவோர் கண்ணாடியிற் கருந்தாள் ஒட்டற்க. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தடுத்தது. இரவில் மட்டும் செருகி வைக்கும் துணித்திரை போதும்.

குளிர்சாதனத்தை ஓடவிட்டு உறங்கலாமே என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். எஞ்சின் ஓடினாலன்றி அது ஓடாது. நின்ற வண்டியின் புகை உட்புகுந்தாற் கார்பன் மோனாக்சைடும் உடன்புகும். அதற்கு நிறமுமில்லை, நாற்றமுமில்லை; உறங்குவோனை எழுப்பாமலே கொல்லும். 2024 டிசம்பரிற் கேரளத்து வடகரையிற் சாலையோரம் நின்ற ஒரு கேரவன் வண்டியுள் இருவர் இறந்து கிடந்தனர்; ஜெனரேட்டரின் புகை உட்புகுந்ததே காரணமெனக் கண்டறியப்பட்டது. காரினுள் அடுப்பு மூட்டுவதும் இதனோடொத்த பேதைமையே. சமையல் வெளியில். அதுவும் உலர்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தியன்று; ஓடி வந்த காரின் அடியிலுள்ள புகைக்குழல் தீப்பற்ற வைக்கும் அளவிற்குச் சூடாயிருக்கும்.

எங்கு நிறுத்துவது என்பதற்கு ஒரே விதி: கேட்டு நிறுத்துக. பெட்ரோல் நிலையத்தாரிடமோ தோட்டத்து உரிமையாளரிடமோ ஒரு சொற் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை, குழாயையும் காட்டிக்கொடுப்பர். காட்டுக்குள் இரவு தங்குதல் கூடாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை ஏற்பட்டதைப் பழைய மாணவர் சிலர் இன்னும் அறிந்திலர். அடிவாரத்தில் நின்று வருந்துகின்றனர்.

பலகைகளை எடுத்துவிட்டு இருக்கைகளை நிமிர்த்த எனக்கு இப்பொழுது 6 நிமிடங்கள் ஆகின்றன. அன்னையார் திண்ணையிலமர்ந்து கடிகாரம் பார்த்துச் சொன்ன கணக்கு இது. சென்ற மாதம் 8 ஆயிருந்தது. மாதந்தோறும் பரிசோதனைக்கு அப்பின்னிருக்கையிலேயே அவர் செல்கின்றார். தச்சரிடம் அச்சாரம் கொடுத்த நண்பர் இவ்விதழைக் காண்பாராயின், பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டுவதில்லை. அதே பலகையில் மூன்று துண்டும் கீலும் மடக்குக் காலும் செய்யச் சொல்லட்டும். அளவுகள் வேண்டின் தருகின்றேன்.