வீடு வாழ்வார்க்கே!

'இல்' என்னும் ஒரு சொல் தமிழில் வீட்டையும் குறிக்கும், இன்மையையும் குறிக்கும். வகுப்பில் இதனை விளக்குங்கால், இவ்விரு பொருளும் ஓரிடத்தே வந்து பொருந்துமென்று யாம் எண்ணியதில்லை. கனடா நாட்டின் மேலைக் கடற்கரையிலுள்ள வாங்கூவர் மாநகரம் அதனைப் பொருத்திக் காட்டிவிட்டது. அங்கே வீடு உண்டு; விளக்கெரியக் காணோம். உடையவன் உண்டு, குடியிருப்பவன் இல்லை. அந்நகர்க்கு உழைப்பவரோ தம் ஊதியத்துக்கு எட்டும் வீடு தேடி அலைகின்றனர்.

"அயலார் வாங்கிக் குவித்ததால் வந்த கேடு இது" என்கின்றனர். அவ்வயலாரைக் கூவி அழைத்தவர் எவர்? 1986இல் உலகக் கண்காட்சி நடந்த நீர்க்கரைப் பெருநிலத்தை, 1988இல் ஆங்காங்குப் பெருஞ்செல்வர் இலீ கா சிங்கின் குழுமத்திற்கு விற்றது பிரித்தானியக் கொலம்பியா மாநில அரசே! 1986 முதல் 2014 வரை பணமுடையார்க்குக் குடியேற்ற உரிமை வழங்கியது கனடா நடுவணரசே! இறுதி ஆண்டுகளில் அவ்வுரிமைக்கு விலை, 8 இலக்கம் தாலரை வட்டியின்றி ஐந்தாண்டு அரசுக்குக் கடன் தருதல். கதவைத் தாமே திறந்து வைத்துவிட்டுப் பின்னர் ஓலமிடுவது என்ன அறம்?

2016இல் அயல்நாட்டார் வாங்கும் வீட்டிற்கு 15 விழுக்காடு கூடுதல் வரி விதித்தனர். 2018இல் அதனை 20 ஆக்கினர். 2023 தொடக்கத்தில் கனடா நகர்ப்பகுதிகளில் அயல்நாட்டார் வீடு வாங்கவே தடை வந்தது. பின்னர் அது 2027 தொடக்கம் வரை நீட்டிக்கப்பட்டது. இத்தனைக்குப் பின்னும் வாங்கூவரின் வீட்டுவிலை எளியவன் கைக்கு எட்டவில்லை. ஏன்? அச்சட்டங்கள் "எந்நாட்டான்?" என்று கேட்டன; "வாழ்கின்றானா?" என்று கேட்கவில்லை. உள்நாட்டுச் செல்வன் பத்து வீடு வாங்கிப் பூட்டினாலும் வீடற்றவனுக்குத் தெருவே புகல். இதற்கிடையே, அங்கேயே பிறந்து உழைக்கும் சீனர்மேலும் பெயர் நோக்கிப் பழி சுமத்தினர். அந்நகரமே தொல்குடிகள் விட்டுக்கொடாத நிலத்தில் நிற்பதாக 2014இல் நகர்மன்றம் ஒப்புக்கொண்டதே! அங்கே எவன் எவனை அயலான் என்பது?

நேரிய சட்டம் ஒன்றும் அங்கே உண்டு. 2017 முதல் ஆளின்றிக் கிடக்கும் வீட்டிற்கு, அதன் மதிப்பில் ஆண்டுக்கு 1 விழுக்காடு வரி. அதுவே பின்னர் 3 விழுக்காடாயிற்று. உடையவன் எந்நாட்டான் என்று அது பார்ப்பதில்லை. உள்ளே வாழ்வார் உளரா என்றே பார்க்கின்றது.

"அயல்முதலீடு வந்தால் நாடு வளரும்" என்பார் உளர். ஆலையில் இட்ட முதல் கைகளுக்கு வேலை தரும்; பூட்டிய வீட்டில் இட்ட முதல் விலையையே ஏற்றும். நெல்லை விதைத்தவனுக்கும் பதுக்கியவனுக்கும் ஒரே பெயர் சூட்டலாமா?

அன்பர்களே! மாநகர் எதுவாயினும் நெறி ஒன்றே. வந்து வாழ்பவன் எந்நாட்டானாயினும் குடியே. வாழாது விலையேற்றம் பார்த்துக் காத்திருப்பவன் அவ்வூரிற் பிறந்தானாயினும் அயலானே. வீட்டின்மேல் உரிமை கொண்டாடுவானை நோக்கி "எவ்வூர்?" என்னற்க, "வாழ்கின்றாயா?" என்க!