குதிரைப் பயிற்சி வட சென்னைக்கு எட்டுமா?

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் குதிரையேற்றப் பயிற்சி பயன் தருமா என்று வினவும் பெற்றோர் பெருகி வருகின்றனர். கைப்பேசியில் ஏதேனும் ஒரு காணொளியைக் கண்டுவிட்டு, திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் தாய்மார்கள் இதைக் கேட்கின்றனர். பயன் உண்டு என்பதே என் கருத்து. ஆயினும் அது எத்தகைய பயன் என்று அறியாமல், வட்டிக்குக் கடன் வாங்கி அதில் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

நடக்கும் குதிரையின் முதுகு முன்னும் பின்னும், இடமும் வலமும், சற்றே திரும்பியும் அசைகிறது. மனிதர் நடக்கையில் இடுப்பு அசையும் விதத்தை அது பெரிதும் ஒத்தது. மூளை முடக்குவாதத்தால் நடந்தே அறியாத குழந்தையின் இடுப்பு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை அந்த அசைவைப் பெறுகிறது. ஒவ்வோர் அசைவுக்கும் உடல் தன்னை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். இரு கால்களையும் விரித்து அமர்வதால், இறுகிய தொடைத் தசைகள் மெல்ல நெகிழ்கின்றன. உட்காரும் சமநிலை மேம்படுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றுள் பல சிறியவை. குறைபாட்டையே நீக்கிவிடும் என்று எவரேனும் உறுதி கூறினால், அவரிடமிருந்து விலகி நிற்பது நலம்.

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே செயலிழந்த நிலையில், பிறர் உதவியுடன் குதிரையேறி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். இத்துறை பல நாடுகளில் பரவ அவர் வெற்றி தூண்டுகோலாயிற்று. பதக்கம் வென்றபோதும் அவருடைய கால்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

தசைகளைக் காட்டிலும் என்னைக் கவர்வது இப்பயிற்சியின் வேறொரு பக்கம். "நட" என்று குழந்தை சொன்னால் குதிரை நடக்கிறது. கடிவாளத்தை இழுத்தால் நிற்கிறது. "உட்கார்", "வாயைத் திற", "கையை நீட்டு" என்று நாள் முழுவதும் பிறர் ஏவலையே கேட்டு வளரும் பிள்ளை, தன்னினும் பன்மடங்கு பெரிய ஓர் உயிருக்குத் தானே ஏவல் தருகிறது. பேச்சு தாமதப்பட்ட பிள்ளைக்கு அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்வதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது.

இதற்கு வேண்டிய ஏற்பாடு எளிதன்று. குதிரையை நடத்திச் செல்ல ஒருவர், குழந்தையின் இருபுறமும் தாங்கி நடக்க இருவர், தலைக்கவசம், ஏறுவதற்குச் சாய்தளம், பழக்கப்பட்ட சாந்தமான குதிரை ஆகிய அனைத்தும் வேண்டும். மெரினா மணலில் சவாரிக்கு நிற்கும் குதிரையில் ஏற்றிவிட்டால் இந்தப் பயன் கிட்டாது. விழுந்தால் எலும்புதான் முறியும். இடுப்பு மூட்டு நழுவிய குழந்தைகளும், கட்டுக்குள் வராத வலிப்புடையோரும் ஏறலாகாது. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தையின் கழுத்தெலும்புகள் உறுதியாக உள்ளனவா என்று மருத்துவர் முன்னதாகவே பார்த்தாக வேண்டும். எண்ணூர்க் காற்றில் இழுப்போடு வளரும் பிள்ளைகளுக்குக் குதிரை மயிரும் வைக்கோல் தூசியும் ஒவ்வாமல் போகலாம்.

நம் பகுதியின் சிக்கல் தொலைவு. குதிரையேற்றப் பள்ளிகள் பெரும்பாலும் நகரின் தெற்கே உள்ளன. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைக் கடந்து, சக்கர நாற்காலியுடன் வாரம் இருமுறை அங்கே சென்று வர, துறைமுகத்தில் நாட்கூலி பார்க்கும் தந்தைக்கு இயலுமா? சென்னைக் காவல்துறையிடம் குதிரைப்படை ஒன்று உள்ளது. அதன் லாயம் எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில் இருக்கிறது. இராயபுரத்திலிருந்து அது எட்டும் தொலைவுதான். தகுந்த குதிரைகளைத் தேர்ந்து, அரசு மருத்துவமனைகளின் இயன்முறை சிகிச்சையாளர்களோடு இணைந்து, வாரத்தில் இரு காலைப்பொழுதுகளை இக்குழந்தைகளுக்கு ஒதுக்குவது அரசால் இயலாத செயலன்று. பெற்றோர் சங்கங்கள் இக்கோரிக்கையை எழுத்து மூலம் முன்வைக்க வேண்டும்.

அதுவரை, நடந்துவரும் இயன்முறை சிகிச்சையை எக்காரணத்தாலும் நிறுத்த வேண்டாம். சிகிச்சை அறையில் உள்ள பெரிய உருளை மெத்தையின் மீது குழந்தையைக் கால் விரித்து அமர்த்தி மெல்ல அசைப்பதும் இதே நோக்கமுள்ள பயிற்சியே. அதை வீட்டில் எவ்வாறு பாதுகாப்பாகச் செய்வது, எத்தனை நிமிடம் செய்வது என்று அடுத்த முறை வரும்போது உங்கள் சிகிச்சையாளரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.