மலையில் ஓட்டினால் வாரண்டி இல்லையா?

புதுக் கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஏற்றத்தில் கிளட்ச்சை விடும்போது வண்டி உதறுகிறது, கருகல் வாடை அடிக்கிறது. சேலத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு இறக்கிக்கொண்டு போனால், "வண்டி எங்க சார் ஓடுது?" என்பதுதான் முதல் கேள்வி. "கொட்டச்சேடு" என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. "மலை ரோட்டுல ஓட்டினா அப்படித்தான் சார் இருக்கும். கிளட்ச் பிளேட் தேய்மான அயிட்டம், வாரண்டியில வராது." சேர்வராயன் மலையில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன பதில் இது. இந்த ஒரு வரியைச் சொல்லி வாகன நிறுவனங்களும் டீலர்களும் கைகழுவிக்கொள்வதை இனியும் அனுமதிக்கக் கூடாது. புதுக் காரில் முதல் மாதங்களில் வரும் பழுதுக்கு ஓட்டியவர்தான் காரணம் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் காரைத் தயாரித்தவரே. சட்டம் அப்படித் திருத்தப்பட வேண்டும்.

கொட்டச்சேட்டுக்காரர் ஆசைக்காக மலையேறுகிறவர் அல்ல. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் பிரதான பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மறுபக்கம் குப்பனூரிலிருந்து ஏறிவரும் சாலை கொட்டச்சேடு வழியாகத்தான் ஏற்காட்டை அடைகிறது. பிரதான பாதையில் மண் சரிந்தாலும், கோடை விழாவுக்குக் கூட்டம் நெரிந்தாலும் வண்டிகளைத் திருப்பிவிடுவது இந்தச் சாலையில்தான். காபியும் மிளகும் கீழே இறங்குவதும், அரிசியும் உரமும் மேலே ஏறுவதும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இதே வழியில். இது அரசு போட்ட தார்ச்சாலை, பஸ் ஓடுகிறது. இங்கே வசிப்பவரிடம் காரை விற்ற டீலருக்கு அவருடைய முகவரி தெரியும். பதிவுச் சான்றிதழிலேயே அது இருக்கிறது. மலைக்கு ஏற்ற வண்டி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். விளம்பரத்தில் பனிமூட்டத்தில் வளைந்து ஏறும் காரைத்தான் காட்டுகிறார்கள். விற்கும்போது உதவிய மலை, பொறுப்பேற்கும்போது மட்டும் எப்படித் தவறான பயன்பாடாக மாறுகிறது?

நிறுவனங்களின் வாதத்தை அடியோடு தள்ளிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிளட்ச் தகடு, பிரேக் பேடு, வைப்பர் ரப்பர் ஆகியவை தேயத்தான் செய்யும். ஏற்றத்தில் பிரேக் பிடிப்பதற்குப் பதிலாக அரைக் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் எந்தத் தகடும் தாங்காது. ஆனால் தேய்மானம் வேறு, குறை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அனுபவமுள்ள மெக்கானிக்குக் கஷ்டமான வேலையும் அல்ல. கியர்பாக்ஸை இறக்கித் தகட்டைக் கையில் எடுத்தால் தெரிந்துவிடும். மேற்பரப்பு பளபளவென்று கண்ணாடிபோல் ஆகி, ஃபிளைவீலில் நீலம் பாய்ந்திருந்தால் அது சூடேறிய தடயம். ஓட்டியவரின் பழக்கம் காரணமாக இருக்கலாம், அழுத்தத் தகடு சரியாகப் பிடிக்காததும் காரணமாக இருக்கலாம். தகட்டில் எண்ணெய் ஊறியிருந்தால், எஞ்சின் பக்கத்திலோ கியர்பாக்ஸ் பக்கத்திலோ ஆயில் சீல் கசிகிறது என்று பொருள். சீல் கசிவதற்கும் மலையில் ஓட்டியதற்கும் என்ன சம்பந்தம்?

சிக்கல் அந்தத் தகட்டை யார் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பிரித்துப் பார்க்கவே ஒப்புதல் கேட்கிறார்கள். "கம்பெனி அப்ரூவல் வரலேன்னா லேபர் சார்ஜ் நீங்கதான் கட்டணும்" என்கிறார்கள். பிரித்த பிறகு ஒரு புகைப்படம் நிறுவனத்துக்குப் போகிறது. சில நாள் கழித்து 'நிராகரிக்கப்பட்டது' என்று பதில் வருகிறது. யார் பார்த்தார், எதை வைத்து முடிவெடுத்தார் என்பது வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. பழைய பாகத்தைக் கேட்டாலும் எல்லா இடத்திலும் கொடுப்பதில்லை.

டீசல் வண்டிக்காரரின் பாடு இன்னும் மோசம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் வந்த பின், டீசல் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி கார்களில் இடம்பெற்றிருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து வெளியேற, வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்துக்கும் கடைவீதிக்கும் இடையே இரண்டாவது கியரில் ஏறி இறங்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பு எங்கே கிடைக்கும்? வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தால், "ஹைவேயில ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இந்த வரம்பு வடிவமைக்கும்போதே தயாரிப்பாளருக்குத் தெரியும். மலை முகவரியில் வசிப்பவருக்கு அந்த வண்டியை விற்பதற்கு முன் அதை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விற்றுவிட்டு, அடைப்பை எடுக்கும் செலவை அவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சில நல்ல வழிகளைத் திறந்திருக்கிறது. காரைக் கோவையிலோ பெங்களூருவிலோ வாங்கியிருந்தாலும், கொட்டச்சேட்டுக்காரர் தான் வசிக்கும் மாவட்டமான சேலத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். பிழைப்புக்காகச் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். குறையை நீக்கவும், வண்டியை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

இவ்வளவு இருந்தும் வாங்கியவர் ஏன் தோற்கிறார்? பொருளின் குறையால் வரும் தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க ஒரு தனி அத்தியாயத்தையே இச்சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் 'தீங்கு' என்பதற்கு விளக்கம் தரும் 2(22) பிரிவு, பொருளுக்கே ஏற்படும் சேதத்தையும் வாரண்டி மீறலால் வரும் இழப்பையும் அதிலிருந்து விலக்கிவிடுகிறது. அதாவது, பிரேக் பழுதால் உங்களுக்குக் காயம்பட்டால் அந்த அத்தியாயம் துணைக்கு வரும்; பிரேக்கே பழுதான காரை விற்றுவிட்டார்கள் என்றால் வராது. பழைய வழியில் 'குறை' என்று புகார் கொடுத்து, அது உற்பத்திக் குறைதான் என்று வாங்கியவரே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பரிசோதனை தேவை என்று ஆணையம் கருதினால் 38ஆவது பிரிவின்படி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். அந்தப் பரிசோதனைக்கான கட்டணத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டியவரும் புகார்தாரர்தான். காருக்கு மாதத் தவணையும் கட்டிக்கொண்டு, காரைப் பரிசோதிக்கவும் பணம் கட்ட வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் ஒரே திசையில் போகவில்லை. கிளட்ச் பழுது தொடர்பான மாருதி உத்யோக் வழக்கில் 2006இல், வாரண்டி வாசகம் பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ மட்டுமே கடமைப்படுத்துகிறது, எனவே முழு வண்டியையும் மாற்றித் தரச் சொன்னது சரியல்ல என்றது. 2010இல் ஃபியட் வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் உற்பத்திக் குறை இருப்பதாகச் சொன்னால், விலை, ஆயுட்கால வரி, தவணைத் தொகை எல்லாவற்றையும் 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது. 2021இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில், டீலர் செய்த தவறுக்குத் தயாரிப்பாளரைத் தானாகப் பொறுப்பாக்க முடியாது, இருவரின் உறவும் தனித்தனி வணிகர்களின் உறவு என்றது. இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் டீலர் நிறுவனத்தைக் கைகாட்ட, நிறுவனம் டீலரைக் கைகாட்ட, வண்டிக்காரர் நடுவில் நடையாய் நடக்கிறார்.

நம்பிக்கை தருவது 2022 ஏப்ரலில் வந்த ஹூண்டாய் தீர்ப்பு. விபத்தில் முன்பக்கம் நொறுங்கியும் காற்றுப்பை விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டு நிரூபிக்க நுகர்வோர் இயற்பியல் நிபுணர் அல்லர் என்று சொன்ன நீதிமன்றம், வண்டியை மாற்றித் தரவும் இழப்பீடு வழங்கவும் இடப்பட்ட உத்தரவை உறுதிசெய்தது. காற்றுப்பைக்குப் பொருந்திய இந்த நியாயம் கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏன் பொருந்தக் கூடாது?

இன்றைய காரில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி பலவற்றைப் பதிவு செய்கிறது. விளக்கு எரிந்த நேரத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் சுழன்றது, என்ன சூட்டில் இருந்தது, எத்தனை முறை பிழைக் குறியீடு வந்தது எல்லாம் அதில் இருக்கும். அதை முழுமையாகப் படிக்கும் கருவியும் மென்பொருளும் நிறுவனத்திடம்தான் உண்டு. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த உண்மையை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதே என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்தே நம் நாட்டில் உள்ள கோட்பாடு. ஓட்டுநர் வண்டியைத் தவறாகக் கையாண்டார் என்று சொல்லும் நிறுவனம், தன் கையிலிருக்கும் பதிவை எடுத்துவைக்கட்டும்.

இது உலகத்தில் இல்லாத கோரிக்கையும் அல்ல. நம் மக்கள் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகச் சட்டம் கருதுகிறது. அப்படி இல்லை என்றால் விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். காருக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலம் 1982இலேயே புதுக் காருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒரே பழுதை நான்கு முறை சரிசெய்ய முயன்றும் தீராவிட்டால், அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்ஷாப்பில் கிடந்தால், மாற்றுக் காரையோ பணத்தையோ கேட்கலாம். இத்தகைய கணக்கு இந்தியச் சட்டத்தில் இல்லை. எத்தனை முறை வண்டி உள்ளே போனாலும், 'பார்த்தோம், நார்மல்' என்று ஜாப் கார்டில் எழுதித் திருப்பி அனுப்பலாம். மலைக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. வண்டி நின்றுவிட்டால் டோயிங் செலவு வேறு.

மேட்டில் வண்டி மக்கர் செய்தால், கீழே இறங்கும்வரை காத்திராமல் பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டுவது இயல்பு. வெளியில் கைவைத்தால் வாரண்டியே போச்சு என்று மிரட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் காட்டினார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த மெக்கானிக்கின் தவறான வேலையால் பாதிக்கப்பட்ட அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று சொன்னது. அந்த வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனாலும், நியாயம் இதுதான். சர்வீஸ் கவுன்டர்களில் பழைய மிரட்டல்தான் இன்றும் ஓடுகிறது.

சட்டம் மாறும்வரை வண்டிக்காரர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது உங்கள் வார்த்தையிலேயே பழுதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த இரண்டு சொற்களால் கைவிட்டுப் போகும் வழக்குகள் உண்டு. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உதறலையும் விளக்கையும் செல்போனில் படம்பிடித்துத் தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் கெடு. டீலர் 'பார்க்கிறோம், பார்க்கிறோம்' என்று இழுத்தடிப்பது அந்தக் கெடுவையும் தின்றுவிடும்.

மத்திய அரசு செய்ய வேண்டியது தெளிவு. முதல் ஆறு மாதத்தில் வரும் பழுது, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்பட வேண்டும். பழுதுநீக்கும் முயற்சிகளின் எண்ணிக்கைக்கும் ஒர்க்ஷாப்பில் கிடக்கும் நாட்களுக்கும் உச்சவரம்பு வேண்டும். வாரண்டிக் காலத்தில் டீலரும் தயாரிப்பாளரும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். பரிசோதனைக் கட்டணத்தை எதிர்த்தரப்பு கட்ட வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டும், காலம் பிடிக்கும். ஆனால் பரிசோதனைக்கூடத்தை மாநில அரசும் அங்கீகரிக்கலாம் என்று இன்றுள்ள சட்டமே சொல்கிறது. சேலம் கருப்பூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, அங்கே இயந்திரவியல் துறை இருக்கிறது. தமிழ்நாடு அரசு அதை வாகனப் பரிசோதனைக்கு உரிய ஆய்வகமாக அறிவித்து, மலைப்பகுதி மக்களின் வழக்குகளில் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டால், கியர்பாக்ஸிலிருந்து இறக்கிய அந்தத் தகட்டை நிறுவனத்தைச் சாராத ஒரு கண்ணும் பார்க்கும். இதற்கான அரசாணையைத் தாமதிக்க எந்தக் காரணமும் இல்லை.