எரிபொருள் மாறிவிட்டது, என்ஜின் மாறியதா?

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025-இல் எட்டிவிட்டது. முதலில் 2030-க்கென வகுக்கப்பட்ட இலக்கு இது. 2022 ஜூனில் 10 விழுக்காட்டைத் தொட்ட நாடு, மூன்றே ஆண்டுகளில் அதை இரட்டிப்பாக்கியிருக்கிறது. இது சாதனைதான். ஆனால், அந்த வேகத்துக்கு நம் சாலைகளில் ஓடும் வாகனங்கள் ஈடுகொடுத்தனவா என்ற கேள்விக்கு இன்னும் நேரான விடை கிடைக்கவில்லை.

நான் வசிக்கும் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையோரப் பெட்ரோல் பங்க் எதிலும் இந்தக் கேள்வியின் முழு வடிவத்தையும் காணலாம். சென்ற ஆண்டு வாங்கிய டர்போ காரும், பத்தாண்டு பழைய ஸ்கூட்டரும் ஒரே குழாயிலிருந்து ஒரே பெட்ரோலைத்தான் நிரப்பிக்கொள்கின்றன. 1949 முதல் வாகனப் பொறியியல் கற்பிக்கும் எம்.ஐ.டி. இதே சாலையில் இருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரகடத்தில் கார் ஆலைகளும் வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. என்ஜினைப் பற்றி இவ்வளவு அறிந்த வட்டாரத்திலேயே, தம் வண்டிக்கு இந்த எரிபொருள் பொருந்துமா என்று கேட்பவருக்கு எழுத்துப்பூர்வமான பதில் எளிதில் கிடைப்பதில்லை.

வேதியியல் சொல்வது என்ன?

எத்தனாலை வெறும் கலப்படமாகப் பார்ப்பது அறிவியலுக்குப் பொருந்தாது. அதன் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டியது. அதாவது, கூடுதல் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அது தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும். ஆவியாகும்போது பெட்ரோலைவிடப் பன்மடங்கு வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே நுழையும் காற்றைக் குளிர்விக்கும். அதிவேகக் கார்களை வடிவமைப்போர் எத்தனாலை விரும்புவதற்கு இதுவே காரணம். 2023-இல் அமெரிக்காவில் வெளியான டாட்ஜ் டீமன் 170 என்ற கார், 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் 900 குதிரைத்திறன் தருகிறது. அதே கார், 85 விழுக்காடு வரை எத்தனால் கொண்ட இ-85 எரிபொருளில் 1,025 குதிரைத்திறன் தருகிறது. எரிபொருளில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்பதை உணர்கருவி ஒன்று அளந்து கணினிக்குச் சொல்ல, கணினி தீப்பொறியின் நேரத்தையும் எரிபொருளின் அளவையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது.

எத்தனாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருளைச் செலுத்த வேண்டும். புதிய வாகனத்தில் ஆக்சிஜன் உணர்கருவி புகையை அளந்து இந்தத் திருத்தத்தைச் செய்துவிடும்.

கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதி இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வரும்வரை நம் நாட்டில் விற்பனையான இரு சக்கர வாகனங்களில் பெரும்பாலானவை கார்புரேட்டர் பூட்டியவையே. அதில் எரிபொருளின் அளவைத் தீர்மானிப்பது ஜெட்டில் உள்ள ஒரு சிறு துளை. பெட்ரோல் மாறியதை அந்தத் துளை அறியாது. கலவையில் காற்றின் பங்கு கூடி, வண்டி இழுவை குன்றி ஓடும். ஆக, விலையுயர்ந்த காருக்கு வலிமை சேர்க்கும் அதே எத்தனால், பழைய ஸ்கூட்டரின் மைலேஜைக் குறைக்கிறது. எரிபொருளுக்கேற்ப என்ஜின் சரிசெய்யப்பட்டதா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

மறந்துபோன பரிந்துரை

அரசுக்கு இது தெரியாததன்று. நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் வழித்தட அறிக்கை, கலப்பில்லாப் பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்யப்பட்ட கார்களின் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடும், அத்தகைய இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 விழுக்காடும் குறையும் என மதிப்பிட்டது. இந்த இழப்பை ஈடுசெய்யக் கலப்பு எரிபொருளின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. கலப்பு வந்தது, விலைக்குறைப்பு வரவில்லை.

2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் இதற்கு விளக்கமளித்தது. எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.32 ரூபாயாக உயர்ந்து, சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலின் விலையையே தாண்டிவிட்டது என்றது. பழைய வாகனங்கள் சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் சற்று முன்னதாக மாற்ற நேரிடலாம், அதற்குப் பெரிய செலவாகாது என்றும் கூறியது. கலப்பில்லாப் பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

அரசின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2014-15 முதல் 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சமாகியிருப்பதாக அமைச்சகம் கூறுகிறது. கச்சா எண்ணெயின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது சிறிய தொகையன்று. கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்கும் இதனால் புதிய சந்தை கிடைத்திருக்கிறது.

ஆனால், மிச்சம் நாட்டுக்கு, செலவு மட்டும் பழைய வாகனம் வைத்திருப்பவருக்கு என்ற பங்கீடு சரியா? மாதம் 20 லிட்டர் போடும் ஸ்கூட்டர்காரருக்கு 3 முதல் 4 விழுக்காடு இழப்பு என்றால், சென்னையில் 100 ரூபாயை ஒட்டிய விலையில் மாதம் 60 முதல் 80 ரூபாய். மாதம் 100 லிட்டர் செலவாகும் பழைய கார் என்றால் 600 ரூபாயைத் தாண்டும். புதிய வண்டி வாங்க இயலாதவரே பழையதை ஓட்டுகிறார் என்பதால், சுமை வசதி குறைந்தவர் மீதே கூடுதலாக விழுகிறது.

எங்கள் பகுதிக்கே உரிய கவலை ஒன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதப்பது புதிதன்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து நீரோடு கலந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியானாலும் வெள்ளத்தில் நின்ற வண்டியின் டாங்கானாலும் விளைவு இதுதான்.

மற்ற நாடுகள் செய்தது

எத்தனாலை வெற்றிகரமாகப் பயன்படுத்தும் பிரேசில், 1975-இல் தொடங்கிய திட்டத்தை அரை நூற்றாண்டாகப் படிப்படியாக வளர்த்தது. எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் அங்கே 2003-இல் வந்தன. அங்குள்ள பங்க்குகளில் பெட்ரோல் கலவையும் தனி எத்தனாலும் அருகருகே கிடைக்கும். எத்தனால் விலை பெட்ரோலின் விலையில் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் அதுவே லாபம் என்பது அந்நாட்டு ஓட்டுநர்களின் கைக்கணக்கு. பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 விழுக்காட்டுக் கலப்புக்கு மாறியபோது, பழைய வாகனங்களுக்காக 5 விழுக்காட்டுக் கலப்பையும் உயர்தரப் பெட்ரோலாகத் தக்கவைத்துக்கொண்டது. எந்த வாகனத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்க அரசே இணையவழிச் சேவையும் ஏற்படுத்தியது.

நம்மிடமும் இது முடியாததன்று. முதலாவதாக, ஒவ்வொரு பங்க்கிலும் எத்தனாலின் விழுக்காட்டை விலைக்கு அருகிலேயே பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு பகுதியிலும் சில பங்க்குகளிலாவது 10 விழுக்காட்டுக் கலப்பை சாதாரண விலைக்கு விற்க வேண்டும். மூன்றாவதாக, எந்த மாடல், எந்த ஆண்டு, எந்தக் கலப்புக்கு ஏற்றது என்ற பட்டியலை நிறுவனங்கள் எழுத்தில் வெளியிட வேண்டும். கணினி நிரலைத் திருத்தினால் போதும் என்ற கார்களுக்கு அதை இலவசமாகச் செய்துதர வேண்டும். உரிமையாளர் வெளியில் செய்துகொண்டால் உத்தரவாதம் பறிபோகும் என்பதால் இது நிறுவனங்களின் பொறுப்பாகிறது. கார்புரேட்டர் வண்டிகளுக்குப் பொருத்தமான ஜெட்டும் ரப்பர் பாகங்களும் நியாய விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும். இறுதியாக, ஐந்து, பத்து ஆண்டுகள் ஓடிய வாகனங்களை ஒரகடம் போன்ற மையங்களில் சோதித்து முடிவுகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும்.

20 விழுக்காட்டுக்கு மேலும் கலப்பை உயர்த்துவது பற்றிப் பேசப்படுகிறது. அதற்குமுன் முடிக்க வேண்டிய வேலைகள் இவை. 2021-ஆம் ஆண்டு அறிக்கை பரிந்துரைத்த விலைக்குறைப்பிலிருந்து அரசு தொடங்கலாம்.