பழைய மாருதி 800: வயசைப் பார்க்காதீங்க, அடிப்பாகத்தைப் பாருங்க!

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் பக்கம் போனால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் ஒரு மாருதி 800 நிற்பதை இன்றும் பார்க்கலாம். அப்பா வாங்கிய வண்டியாக இருக்கும். மகனோ மகளோ சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். "இன்னும் எத்தனை வருஷம்ப்பா இதைக் கட்டி அழப்போறீங்க? எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குவோம்." அப்பாவின் பதில் ஒன்றுதான்: "ஓடுதுல்ல, ஓடட்டும்."

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம்தான் இருக்கிறது. ஓடுகிற வண்டி எல்லாம் பத்திரமான வண்டி இல்லை. அதே நேரம், 20 வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு வண்டியை உடைக்கப் போடுவதும் சரியில்லை. வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருஷம் தீர்மானிக்கக் கூடாது. வண்டியின் அடிப்பாகம்தான் தீர்மானிக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

முதல் மாருதி 800 வாடிக்கையாளர் கைக்குப் போனது 1983 டிசம்பர் 14 அன்று. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் நம் நாட்டில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. கணக்குப் போட்டால், கடைசியாக வந்த வண்டிகளுக்கே 2029-ல் 15 வயது முடிகிறது.

சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட்டில் வந்த அறிவிப்பின்படி, 20 ஆண்டுகளைத் தாண்டிய கார் என்றால் 10,000 ரூபாய். ஜி.எஸ்.டி., பசுமை வரி எல்லாம் தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல்.

'15 வருஷம் ஆனால் வண்டியைப் பிடித்துவிடுவார்களாமே?' என்று பலர் கேட்கிறார்கள். 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் தடை என்ற பேச்சு டெல்லி தலைநகர் வட்டாரத்தைப் பற்றியது. அங்குள்ள காற்று மாசு காரணமாக 2018-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில் இருந்து வந்தது. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே ஆய்வில் தேறி, கட்டணம் கட்டினால் வண்டி ஓடலாம்.

கரிசல் மண் என்ன செய்யும்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் களிமண் எப்படி ஒட்டும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில் ஒட்டினாலே கால் கனக்கும். அதே மண் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள் அப்பிக்கொள்கிறது. மேலே காய்ந்த மாதிரி தெரியும். உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்தில்தான் தகடு துருப்பிடிக்கிறது.

லாரி, பழைய ஜீப் மாதிரி வண்டிகளில் சேஸ் தனியாக இருக்கும். பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். மாருதி 800-ல் தனி சேஸ் கிடையாது. பாடிதான் எலும்புக்கூடு. ஆகவே தரைத் தகட்டில் விழும் ஓட்டை வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. சஸ்பென்ஷன் வந்து பொருந்துகிற இடம் துருவில் இற்றுப்போனால், பள்ளத்தில் இறங்கும்போது சக்கரத்தைத் தாங்கும் பலமே போய்விடும்.

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பட்டறைக் குழியின் மேல் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கிப் பாருங்கள். கால் மிதிக்கும் இடத்தில் மேட்டைத் தூக்குங்கள். தரைத் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரி தட்டின் அடி, ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடம் இவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மேலாகத் துரு உதிர்ந்தால் சுரண்டி, பிரைமரும் அடிப்பூச்சும் அடித்துத் தப்பிக்கலாம். முனை உள்ளே போனால் விஷயம் வேறு.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியது எளிது. மண் காய்ந்து இறுகும் முன்பு, மரக்குச்சியால் வளைவுகளில் இருந்து தள்ளிவிட்டு, அடியில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். கோடையில் எதிரி புழுதி. ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டர் இடுக்குகளையும் அடைக்கும். புத்தகத்தில் சொல்லியிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

உப்புத் தண்ணியும் புது பெட்ரோலும்

விளாத்திகுளம், புதூர் வட்டாரத்தில் பல இடங்களில் போர் தண்ணி உப்பு. டீ போடவே லாயக்கில்லாத அந்தத் தண்ணியைத்தான் பலர் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். பாத்திரத்தில் படிகிற வெள்ளைப் படிவம் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். சூடு இறங்காது. இந்த 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜினின் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய்விடும். கூலன்ட் விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள், ஹெட் வேலைக்கு ஆகிற செலவையும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

அடுத்தது இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது இதுதான். மாருதி 800 இதற்காக வடிவமைத்த வண்டி இல்லை. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே 2025-ல் விளக்கம் தந்தது. பெட்ரோல் ஹோஸ் வெடித்திருக்கிறதா, கசிகிறதா, இன்ஜின் பக்கம் பெட்ரோல் வாடை வருகிறதா என்று பார்த்து உடனே மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி, தினம் ஓடுகிற வண்டியை விடச் சீக்கிரம் கெடும். வாரம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும். வயரைக் கடிக்கும் எலிக்கும் அதுதான் மருந்து.

ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, வருஷக் கணக்கும் உண்டு. டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ், டயர் எல்லாமே அப்படித்தான். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரில் போகாதீர்கள்.

எப்போது செலவு செய்யலாம்? எப்போது விடலாம்?

என் கணக்கு இதுதான். அடிப்பாகம் திடமாக இருந்தால் இன்ஜின், கிளட்ச், கார்புரேட்டர், பிரேக் எதற்கும் செலவு செய்யலாம். அவை எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. இந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் சின்ன ஊர்களிலும் உண்டு. லேப்டாப் இல்லாமல் பழுது கண்டுபிடிக்க முடிகிற கடைசித் தலைமுறை கார்களில் இது ஒன்று.

அடிப்பாகம் இற்றுப்போயிருந்தால், இன்ஜின் தங்கமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விடும்போது பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். அந்தச் சான்றிதழுக்கு, புது கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி வழி செய்கிறது. ஆர்.சி.யை உங்கள் பெயரிலேயே விட்டுவிட்டு எடைக்குப் போட்டால், அந்த நம்பரில் நாளைக்கு என்ன நடந்தாலும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

நல்ல நிலையில் உள்ள வண்டிக்கும் ஒரு எல்லை வேண்டும். காரில் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமானது 2019-ல்தான். 800-ல் இரண்டுமே கிடையாது. புதூரில் இருந்து விளாத்திகுளத்துக்கோ அருப்புக்கோட்டைக்கோ 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்வர இது போதும். குடும்பத்தோடு நான்கு வழிச்சாலை ஏறி 100-ல் மதுரைக்கு ஓட்டாதீர்கள். பாசம் வேறு, மோதலின் கணக்கு வேறு.

அரசு எதை அளக்க வேண்டும்?

நகரத்தில் பழைய காரை விட்டால் பஸ், ரயில், ஆட்டோ இருக்கிறது. கரிசல் கிராமத்தில் ராத்திரி 10 மணிக்குப் பிரசவ வலி வந்தாலோ, அப்பாவுக்கு நெஞ்சு வலித்தாலோ, வாசலில் நிற்கிற வண்டிக்குத்தான் முதலில் கை போகும். அப்படிப்பட்ட வீட்டிடம் வயதை மட்டும் பார்த்துக் கட்டணத்தைக் கூட்டுகிறோம். ஒழுங்காகப் பராமரித்தவருக்கும், ஓட்டை விழுந்த வண்டியை ஓட்டுபவருக்கும் அதே 10,000 ரூபாய். பராமரித்தவருக்கு இதில் என்ன லாபம்?

கட்டணத்தைக் குறைத்துவிட்டு, சோதனையைக் கடுமையாக்கலாம். குழியில் நிறுத்தி அடித்தகட்டைத் தட்டிப் பார்க்கட்டும். பிரேக்கையும் புகையையும் கருவி வைத்து அளக்கட்டும். தேறாத வண்டி 12 வயதிலேயே ஒதுங்கட்டும். தேறும் வண்டி 25 வயதிலும் ஓடட்டும்.

அரசு அதைச் செய்கிற வரைக்கும் அந்தச் சோதனையை நாமே செய்துகொள்ளலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, விற்பதைப் பற்றி வீட்டில் பேசும் முன், அப்பாவையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.