எண்ணிப் பார்த்தால் தெரியும் சோழநாடு

சோழர் காலத்தில் விளைநிலம் யாரிடம் இருந்தது? இவ்வினாவை நம் மேடையொன்றில் எழுப்பிப் பாருங்கள். ஊருக்கே பொதுவாய் இருந்தது என்பார் ஒருவர். பார்ப்பனர் கையில் இருந்தது என்பார் மற்றொருவர். இருவரும் ஆளுக்கொரு கல்வெட்டைக் காட்டுவர். இரண்டும் மெய்க் கல்வெட்டுகளே. ஆயினும் ஒரு கல்வெட்டைக் கொண்டு நானூறாண்டு வரலாற்றைத் தீர்ப்பது, ஓர் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்து நாட்டு மழையை அளப்பதாகும்.

மாற்று வழி காட்டியவர் சப்பானியப் பேராசிரியர் நொபோரு கராசிமா. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே அடுத்தடுத்துள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் ஈரூர்க் கல்வெட்டுகளை 1960-களில் அவர் ஒப்பிட்டார். முன்னது வேளாண் ஊர். பின்னது பார்ப்பனர்க்கு விடப்பட்ட பிரமதேயம். அல்லூரில் நிலம் ஊரார் கூட்டுடைமையாய் இருந்த சான்றுகளும், ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் தத்தம் நிலத்தை விற்ற சான்றுகளும் கிடைத்தன.

அம்மட்டில் அவர் நின்றாரல்லர். காவிரியின் கீழ்நிலத்துக் கல்வெட்டுகளைத் திரட்டி, முற்காலம் பிற்காலம் எனப் பகுத்து, விற்றவர் யார், வாங்கியவர் யார் என எண்ணினார். பிற்சோழர் காலத்தில் பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியுடைமை பெருகியதும், பார்ப்பனரல்லாத பட்டக்காரரும் நிலம் குவித்ததும் புலப்பட்டன. முதற்செய்தி நமக்கு இனிக்கிறது, இரண்டாவது கசக்கிறது. ஒரே முறையில் கிடைத்த இரண்டனுள் ஒன்றை ஏற்று ஒன்றைத் தள்ளுவார்க்கு ஆராய்ச்சி எதற்கு? பாட்டுப் பாடலாமே!

1978-இல் கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணிப்பொறித் துணையோடு அடைவு செய்து மூன்று மடலங்களாக வெளியிட்டனர். சோழராட்சியை 985, 1070, 1178 ஆகிய ஆண்டுகளை எல்லையாகக் கொண்டு நான்கு பகுதிகளாக வகுத்தனர். மூவேந்தவேளான் என்னும் பட்டம், முதலாம் இராசராசன் தொடங்கிய இரண்டாம் பகுதியில் ஓங்கிப் பின் தேய்வதை இவ்வடைவு காட்டுகிறது. வரிச்சொற்களும் இவ்வாறே எண்ணப்பட்டன. சோழ மன்னனுக்கு நடுநிலத்தின் புறத்தே மெய்யான ஆட்சியில்லை, சடங்கு முதன்மையே இருந்தது என்று பர்ட்டன் சுடெயின் 1980-இல் நூலெழுதினார் அன்றோ? அதற்கு மறுமொழி எழுந்தது முழக்கத்தால் அன்று. பட்டங்களையும் வரிகளையும் எண்ணிய எண்ணிக்கையால்.

இனி, எண்ணிக்கை வழுவும் இடங்களையும் சொல்லல் வேண்டும். மேற்சொன்ன இரண்டாம் பகுதி 85 ஆண்டு. மூன்றாம் பகுதி 108 ஆண்டு. பின்னதில் ஒரு சொல் மிகுதியாய் வருவதனாலேயே அது பெருகியதென்று கூறலாகாது. அப்பகுதியின் கல்வெட்டுத் தொகையால் வகுத்து விழுக்காடு காணல் வேண்டும். அத்தொகையை வரையறுப்பதும் எளிதன்று. சோழமன்னர் மாறிமாறி இராசகேசரி, பரகேசரி என்று பெயர் பூண்டனர். பட்டப்பெயரும் ஆட்சியாண்டும் மட்டுமே உள்ள கல்வெட்டை எம்மன்னனுக்கு உரியதாக்குவது? எழுத்தமைதி நோக்கி ஒருவாறு துணியலாம், ஐயம் தீராது. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கற்றளி எடுத்தபோது, பழங்கற்களில் இருந்தவற்றைப் படியெடுத்துப் புதுச்சுவரில் பொறிக்கச் செய்தார். அவ்வாறு செய்யாத திருப்பணிகளில் அழிந்தவை எத்தனையோ!

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. கல்லில் ஏறியவை பெரிதும் கோயிற்கொடைகள். கோயிலொடு தொடர்புபடாத நிலம் அதில் ஏறியது அரிது. நாற்று நட்ட உழத்தியின் பெயரை எந்தக் கணிப்பொறியும் எண்ணித் தராது. எழுதியிருந்தால் அன்றோ எண்ணுவதற்கு!

எழுதப்பட்டவற்றையேனும் முழுதும் எண்ணினோமா எனின், அதுவும் இல்லை. 1887 முதல் படியெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளுள் மிகப் பலவற்றிற்கு ஆண்டறிக்கையில் ஆங்கிலத்தில் இரண்டொரு வரிச் சுருக்கமே உண்டு. முழுப் பாடம் அச்சேறவில்லை. விற்றவன் பெயரும் நிலத்தின் அளவும் விலையும் அச்சுருக்கத்துள் அகப்படா. 1966-இல் கல்வெட்டு அலுவலகம் உதகையிலிருந்து மைசூருக்குச் சென்றபோது மைப்படிகளும் உடன் சென்றன. அவற்றுள் தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. நன்று, மகிழ்ந்தோம். ஆனால் பெட்டியினின்று பெட்டிக்கு மாறிய தாளை எவ்வாறு எண்ணுவது?

தமிழ் மன்றங்கள் பொங்கற் பந்தலுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தத்தம் வட்டத்துக் கல்வெட்டுகளைப் படிக்கவல்ல இளைஞர் இருவரை அமர்த்தலாம். விற்றவர், வாங்கியவர், அளவு, ஆண்டு என்று நான்கு கட்டம் வரைந்து நிரப்பட்டும். நமக்கு உவப்பான வரியை மட்டும் நிரப்பாதிருப்பாராக. காலந்தாழ்த்தவும் இயலாது. சுவர்த் துப்புரவு என்னும் பெயரில் மணல் பீய்ச்சி எழுத்தை மழுக்கிய கோயில்கள் நம் நாட்டில் உண்டு. அங்கே கல் போயிற்று. மைப்படி இருந்தால் அதுவொன்றே எச்சம்.