சங்க நிர்வாகிகளின் கடமை

நமது நகரங்களில் இன்று சங்கமில்லாத பேட்டை அரிது. குடியிருப்போர் நலச் சங்கம், வரி செலுத்துவோர் சங்கம், நுகர்வோர் மன்றம், வாக்காளர் விழிப்புணர்வுக் குழு என்று பல பெயர்களுடன் அவை விளங்குகின்றன. தெருவிளக்கு எரியாவிட்டாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டுப் போனாலும் ஜனங்கள் முதலில் நாடுவது இச்சங்கங்களையே. இவற்றை நடத்துவோர் சம்பளம் வாங்குகிறவர்களல்லர். பென்ஷன் பெற்ற உபாத்தியாயர், சில்லறைக் கடைக்காரர், வக்கீல், குமாஸ்தா என்று பலதரப்பட்டவர்களும் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து ஊருக்கு உழைக்கிறார்கள். ஊர் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆயினும், சங்கங்களின் தொகை பெருகிய அளவுக்கு அவற்றின் செல்வாக்குப் பெருகவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. அதிகாரிகளின் அலட்சியம் இதற்கு ஒரு காரணம். நிர்வாக சபைகளின் போக்கு மற்றொரு காரணம். முதற் காரணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி நாம் இன்று பேச விரும்புகிறோம்.

இது அற்ப விஷயமென்று சிலர் எண்ணலாம். ராஜ்யப் பிரச்னைகள் எத்தனையோ இருக்க, பேட்டைச் சங்கத்தின் காரியதரிசியைப் பற்றி ஒரு தலையங்கமா என்று கேட்கலாம். அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். 2016-ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் 2022-ம் வருஷம் மார்ச்சு மாதம் வரை தமிழ்நாட்டு நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் ஒருவர்கூட இல்லை. ஐந்து வருஷங்களுக்கு மேலாகத் தனி அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தினார்கள். அக்காலத்தில் ஒரு தெருவார் தங்கள் குறையைச் சொல்லிக்கொள்ள வார்டு அங்கத்தினர் என்று ஒருவர் கிடையாது. சங்கம் ஒன்றே கதி. விழிப்புள்ள சங்கம் இருந்த இடத்தில் மனுக்கள் சென்றன, பதிலும் வந்தது. சங்கம் தூங்கிய இடத்தில் ஜனங்கள் ஊமையானார்கள்.

இன்னொரு சம்பவத்தையும் கவனிப்போம். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. 3 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகையுள்ள நகரங்களில் வார்டுக் கமிட்டிகள் இருக்க வேண்டுமென்று அது விதித்தது. வார்டுக்கு வார்டு கமிட்டியும், அதன் கீழ்ப் பகுதி சபைகளும் அமைப்பதற்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-ம் வருஷத்தில்தான் பிறந்தன. அவ்வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நகரங்களில் பகுதி சபைகள் கூடின. கிராம சபையைப்போல நகரவாசியும் தன் பகுதி விவகாரத்தைச் சபையில் எழுந்து கேட்க வழி பிறந்தது. ஆனால் வழி பிறந்தால் மட்டும் போதுமா? அதில் நடக்கக் கால் வேண்டாமா? சபையில் எதைக் கேட்பது, எந்தக் கணக்கைக் காட்டச் சொல்வது, சென்ற கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று தொடர்ந்து விசாரிப்பது ஆகிய காரியங்களுக்குத் தனி மனிதனின் கோபம் பயன்படாது. கட்டுப்பாடுள்ள சங்கம் வேண்டும். சங்கத்தின் கட்டுப்பாடு அதன் நிர்வாக சபையிலிருந்து பிறக்கிறது.

நிர்வாக சபையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1860-ம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டம் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ள இடம் கொடுத்தது. தமிழ்நாட்டுக்கென 1975-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட சட்டம், பதிவான ஒவ்வொரு சங்கத்துக்கும் மூன்று பேருக்குக் குறையாத கமிட்டி வேண்டுமென்றும், அதன் அங்கத்தினரின் பதவிக் காலம் மூன்று வருஷத்துக்கு மேற்படலாகாதென்றும் கூறுகிறது. வருஷந்தோறும் பொதுக் கூட்டம் கூட்ட வேண்டும். வரவு செலவைத் தணிக்கை செய்வித்து அங்கத்தினர் முன்பு வைக்க வேண்டும். பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். இவ்வளவும் சட்டத்தில் இருக்கின்றன. நடைமுறையில் இருப்பதென்ன? மூன்று வருஷம் முடிந்ததும் அதே அக்கிராசனர், அதே காரியதரிசி, அதே பொக்கிஷதாரர் 'ஏகமனதாக' மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மறுபடி தேர்ந்தெடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்கள் பத்துப் பேர், அவர்களில் எட்டுப் பேர் கமிட்டி அங்கத்தினர்கள் என்றால், அந்த ஏகமனதுக்கு மதிப்பென்ன? தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சபை, ஜனங்களின் பெயரால் மாநகராட்சிக் கமிஷனரைக் கேள்வி கேட்க எவ்விதம் தகுதி பெறும்?

நம்முடைய முதல் குறை கணக்கைப் பற்றியது. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தை நமது சங்கங்கள் நன்கு பயன்படுத்தி வருகின்றன. 10 ரூபாய் கட்டணம் கட்டி, 30 நாட்களுக்குள் சாலை போட்ட செலவைத் தெரிவிக்கும்படி அதிகாரியைக் கேட்கிறார்கள். மிகவும் நல்லது. ஆனால் அதே சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர், 'சென்ற வருஷம் வசூலான சந்தா எவ்வளவு? செலவான வகை என்ன?' என்று கேட்டால், 'எங்கள் மேல் சந்தேகமா?' என்று நிர்வாகிகள் சீறுகிறார்கள். கணக்குக் கேட்பது சந்தேகப்படுவதாகாது. கணக்குக் காட்டுவது அவமானமுமாகாது. சர்க்காரிடம் ஒரு நீதி, சங்கத்துக்குள் வேறு நீதி என்பது செல்லாது. காசோலையில் இருவர் கையெழுத்து இருக்க வேண்டும். மாதந்தோறும் பாங்கிக் கணக்கைக் கமிட்டி முழுவதும் பார்த்தாக வேண்டும். பொக்கிஷதாரர் ஒருவருக்கு மட்டும் கணக்குத் தெரிவது அவருக்கே நல்லதன்று. நாளைக்கு ஒரு பேச்சு எழுந்தால் அவரைக் காப்பாற்றுவது எழுதி வைத்த கணக்கு ஒன்றேயல்லவா?

இரண்டாவது, அலங்கார அங்கத்தினர்களைப் பற்றியது. கடிதத் தாளின் மேல் ஓரத்தில் பெயர் அச்சிடுவதற்கென்றே டாக்டர் ஒருவர், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர், செல்வந்தர் ஒருவர் என்று சபையில் சேர்த்து விடுகிறார்கள். அவர்கள் வருஷத்தில் ஒரு தடவை மாலை போட்டுக்கொள்ள வருகிறார்கள். வேலையோ காரியதரிசி ஒருவர் தலையில் விழுகிறது. அவர் சளைத்தால் சங்கம் படுத்து விடுகிறது. சளைக்காவிட்டால் சங்கமே அவராகி விடுகிறது. இரண்டும் கேடு. நிர்வாக சபையில் பெயர் கொடுத்தவர் கூட்டத்துக்கு வர வேண்டும். வருமுன் காகிதங்களைப் படித்திருக்க வேண்டும். தம் அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும். தீர்மானமான பிறகு, தாம் எதிர்த்திருந்தாலும், அதற்குக் கட்டுப்பட வேண்டும். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்குக் காரணமின்றி வராதவர் விலகிக்கொள்வது மரியாதை. சம்பளம் இல்லை என்பது இந்தப் பொறுப்புகளைக் குறைத்து விடாது. கேட்டுப் பெற்ற பொறுப்பைச் செய்யாமல் விடுவதற்குத் தியாகம் என்று யாரும் பெயரிட மாட்டார்கள்.

1906-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஏற்பட்டபொழுது, அதன் தலைவர் பாண்டித்துரைத் தேவர். தேசமெங்கும் அலைந்து பங்கு சேர்த்துக் கப்பல் கொண்டுவந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை வகித்த ஸ்தானம் உதவிக் காரியதரிசி. அது வியாபாரக் கம்பெனியானாலும் இவ்விஷயத்தில் நமக்குப் பாடமாகிறது. வேலை செய்கிறவனுக்கு நாற்காலியின் உயரம் ஒரு பொருட்டல்ல.

மூன்றாவது, சபையில் யார் இருக்கிறார்கள் என்பது. வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும் சங்கத்தில் இடம், வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இல்லை என்ற விதி பல இடங்களில் உண்டு. பேட்டையின் கோடியில் குடிசைகளில் வசிப்போரைச் சங்கம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எண்ணினாலும், அப்புறப்படுத்த வேண்டியவர்களாகவே எண்ணுகிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் காத்து நிற்பவர்கள் பெண்கள். தண்ணீரைப் பற்றித் தீர்மானம் போடுகிறவர்கள் ஆண்கள். தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி ஸ்தானங்களைப் பெண்களுக்கு ஒதுக்கச் சட்டம் 2016-ம் வருஷத்திலேயே வழி செய்து விட்டது. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் பாதியில் பெண்கள் நின்று வெல்லலாம். நமது தெருச் சங்கத்தின் கமிட்டியில் மட்டும் உட்காரக் கூடாதா? எந்தத் தெருவின் குறையைச் சங்கம் பேசுகிறதோ, அந்தத் தெருவின் எல்லா வாசல்களிலிருந்தும் ஆட்கள் சபையில் இருக்க வேண்டும். இல்லையேல், 'நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்?' என்று அதிகாரி கேட்டால் விடை இராது.

நான்காவது, கட்சியைப் பற்றியது. அரசியல் ஊழியர்களான நமது நேயர்கள் இதைச் சிறிது பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம். கட்சியில் இருப்பது குற்றமன்று. ஜனநாயகத்துக்குக் கட்சிகள் அவசியம். ஆனால் சங்கத்தின் அக்கிராசனர் தேர்தல் சமயத்தில் சங்கத்தின் பெயரால் ஓர் அபேட்சகருக்கு வரவேற்பு நடத்தினால், மறு தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் வேறொரு சங்கம் ஆரம்பிப்பார். பிறகு ஒரே தெருவுக்கு இரண்டு சங்கம், இரண்டு மனு, இரண்டு கொடி. சாக்கடை மட்டும் ஒன்று, அதுவும் அடைத்தபடி. 2025-ம் வருஷம் நவம்பர் மாதம் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகப் படிவங்கள் வழங்கப்பட்டதை யாவரும் அறிவர். அவ்வித வேளையில் எழுதத் தெரியாதவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கவும், விடுபட்டவருக்கு வழி காட்டவும் ஓர் அயலார் வந்தால், 'இவர் எந்தக் கட்சி?' என்ற கேள்வி எழாமல் கதவு திறக்க வேண்டும். அந்த நம்பிக்கையைச் சங்கம் பல வருஷங்கள் சேர்த்து வைக்க வேண்டும். ஒரே மேடையில் அதை இழந்து விடலாம்.

இவ்விடத்தில் காந்தியடிகளின் கடைசி யோசனையை நினைவூட்டுவது பொருந்தும். 1948-ம் வருஷம் ஜனவரி மாதம் 29-ந் தேதி, தாம் கொல்லப்படுவதற்கு முந்தைய தினம், அவர் ஒரு நகலைத் தயாரித்தார். காங்கிரஸ் தன் அரசியல் உருவத்தைக் கலைத்துக்கொண்டு லோக் சேவக் சங்கமாக மலர வேண்டுமென்பது அதன் சாரம். ஆணாயினும் பெண்ணாயினும் ஐந்து பேர் கொண்ட பஞ்சாயத்தே அதன் அடிப்படை. தலைவர்கள் கீழிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஊழியன் தன் எல்லைக்குட்பட்ட ஒவ்வொருவருடனும் நேரில் பழக வேண்டும். அன்றன்று செய்த வேலைக்குக் குறிப்பு வைக்க வேண்டும். புதிய ஊழியர்களைப் பழக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பிப்பதையும் அவனுடைய கடமைகளில் ஒன்றாக அவர் எழுதி வைத்தார். காங்கிரஸ் அந்த யோசனையை ஏற்கவில்லை. ஆனால் ஒரு பேட்டைச் சங்கம் அதை இன்றும் ஏற்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

நிர்வாகிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. 'நாங்கள் விலகத் தயார், முன்வருவார் யார்?' என்கிறார்கள். இது முழுப் பொய்யன்று. குறை கூறுவதற்குப் பத்துப் பேரும், கூட்டத்துக்குப் பாய் விரிப்பதற்கு ஒருவரும் இருப்பது நமது ஊர் வழக்கம். ஆயினும், வாலிபர்களுக்குச் சிறு பொறுப்புக்கூடக் கொடுக்காமல் பத்து வருஷம் நடத்திவிட்டு, ஆள் இல்லை என்று கூறுவது எப்படிப் பொருந்தும்? கோகலே 1905-ம் வருஷத்தில் புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை ஸ்தாபித்தார். சேர்ந்தவர்களுக்கு ஐந்து வருஷப் பயிற்சியை விதித்தார். 1915-ம் வருஷத்தில் அவர் காலமானபொழுது சங்கம் அநாதையாகவில்லை; வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் தலைமையை ஏற்று நடத்தினார். தமக்குப் பின் வருகிறவரைத் தயார் செய்யாத தலைவர், தம் வேலையில் பாதியைத்தான் செய்தவராவார்.

ஆகவே நாம் கூறும் யோசனைகள் இவை. ஒருவர் ஒரே பதவியில் இரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து இருப்பதில்லை என்று சங்கங்கள் தாமே விதி செய்துகொள்ளட்டும். ஒவ்வொரு தேர்தலிலும் கமிட்டியில் மூன்றிலொரு பங்கு புதியவர்கள் வரட்டும். ஒவ்வொரு பதவிக்கும் ஓர் இளைஞரைத் துணையாக வைத்துப் பழக்கட்டும். கூட்டக் குறிப்புகளும் கணக்கும் எந்த அங்கத்தினரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். தமக்கோ தம் உறவினருக்கோ லாபமுள்ள விஷயம் விவாதத்துக்கு வந்தால், அந்த நிர்வாகி அதை முன்கூட்டியே சொல்லி, வோட்டளிக்காமல் ஒதுங்கட்டும். சம்பளச் சிப்பந்தி இருக்கும் சங்கத்தில், அவருடைய அன்றாட வேலையில் ஆளுக்கொரு உத்தரவு போடாமல், கொள்கையையும் பணத்தையும் மேற்பார்வையிடுவதோடு சபை நிற்கட்டும். இவற்றில் ஒன்றுக்கும் சர்க்காரின் அனுமதி வேண்டியதில்லை. பண முடையும் குறுக்கே நில்லாது.

அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தா கட்டியதோடு கடமை தீர்ந்ததென்று வீட்டில் இருப்பவருக்கு நிர்வாகிகளைக் குறை கூறும் உரிமை குறைவு. அடுத்த வருஷாந்தரக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்ததும் தவறாமல் செல்லுங்கள். கணக்கைக் கேளுங்கள். பதில் நேர்மையாக இருந்தால் நிர்வாகிகளை வாயார வாழ்த்துங்கள். திருப்தியில்லையேல், உங்கள் பெயரையே தேர்தலுக்குக் கொடுங்கள். தேசத்தின் பெரிய சபைகளில் நாம் காண விரும்பும் நாணயத்தை நம் தெருவின் சிறிய சபையில் நாமே நிலைநாட்ட முடியும். அங்கே முடியாதென்றால் வேறெங்கும் முடியாது. நிர்வாகிகளும் அங்கத்தினர்களும் இதை உணர்ந்து இவ்வருஷக் கூட்டத்திலேயே ஆரம்பம் செய்வார்களென்று நம்புகிறோம்.